உறங்கவிடாத கால்கள்

நம் அன்றாடப் பேச்சில் ‘நரம்பு’ என்னும் ஒரே சொல் மூன்று வேலை பார்க்கிறது. காலில் நீலமாகப் புடைத்து வளைந்து கிடக்கும் இரத்தக் குழாயைக் கண்டு ‘நரம்பு சுருட்டிக்கொண்டது’ என்கிறோம். மருத்துவ நூல்களில் அதன் பெயர் சிரை. அது நரம்பே அன்று. மூளைக்கும் உடலுக்கும் இடையே செய்தி கொண்டுசெல்லும் இழைகளையும் நரம்பு என்கிறோம். இதுவே அறிவியல் ஒப்புக்கொள்ளும் பொருள். மூன்றாவதாக, ஒருவர் மனம் சோர்ந்தோ படபடத்தோ காணப்பட்டால், குரலைச் சற்றே தாழ்த்திக்கொண்டு, ‘அவருக்கு நரம்புத் தளர்ச்சி’ என்கிறோம்.

இந்த மூன்றுக்கும் இடையே முந்நூற்றைம்பது ஆண்டுகளாக அலைக்கழிக்கப்பட்ட நோய் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் அதற்கு ‘ரெஸ்ட்லெஸ் லெக்ஸ்’ என்று பெயர். நாம் ‘ஓயாத கால்கள்’ என்று வைத்துக்கொள்வோம். பெயரைக் கேட்டால் சிரிப்பு வரும். நோயாளிக்குச் சிரிப்பு வருவதில்லை.

பகலெல்லாம் நன்றாக நடமாடிய ஒருவர் இரவு படுக்கையில் சாய்கிறார். சில நிமிடங்களில் முழங்காலுக்குக் கீழே, தோலின் மேல் அன்று, உள்ளே ஆழத்தில், ஏதோ ஊர்வது போலவும் இழுப்பது போலவும் ஓர் உணர்வு எழுகிறது. வலி என்று திட்டமாகச் சொல்ல முடியாது. காலை அசைத்தே தீரவேண்டும் என்ற உந்துதல் மட்டும் தாங்க முடியாததாக இருக்கிறது. அசைத்தால் உடனே தணிகிறது. நிறுத்தினால் திரும்ப வருகிறது. எழுந்து கூடத்தில் நடக்கிறார், படுக்கிறார், மறுபடி எழுகிறார். பலருக்குப் பின்னிரவு மூன்று மணிக்கு மேல்தான் கண் அயர்கிறது. பேருந்தில் நெடுந்தூரம் போகும்போதும் திரைப்படக் கொட்டகையில் உட்கார்ந்திருக்கும்போதும் இதே தொல்லை. ஓய்வில் தொடங்குதல், அசைவில் தணிதல், மாலையிலும் இரவிலும் மிகுதல் ஆகியவை இந்நோயின் அடையாளங்கள்.

நம் வீடுகளில் ‘கால் குடைச்சல்’ என்று சொல்லிப் பிள்ளைகளைக் காலை மிதித்துவிடச் சொல்வோரையும், கெண்டைக்காலில் துண்டை இறுகக் கட்டிக்கொண்டு படுப்போரையும் பார்த்திருக்கிறோம். அவர்கள் எல்லாருக்கும் இந்நோய் என்று சொல்லிவிடக் கூடாது. வேலைக் களைப்பு, மூட்டுவாதம், நீரிழிவால் கெட்ட நரம்பு ஆகியவையும் குடைச்சலைத் தரும். உட்கார்ந்த இடத்தில் சும்மா காலாட்டும் பழக்கமும் இது அன்று. ஆனால் குடைச்சல் என்போருள் ஒரு சிலருக்கு இருப்பது இதுதான். 2007-இல் வெளியான பெங்களூர் நகர ஆய்வு ஒன்று, நூற்றுக்கு இரண்டு பேருக்குச் சற்று மேலாக இந்நோய் இருப்பதைக் காட்டியது. மேலை நாட்டுக் கணக்குகள் இதைவிட உயர்ந்தவை. ஆண்களைவிடப் பெண்களுக்கே இது மிகுதி.

ஆக்ஸ்ஃபோர்டுப் பேராசிரியர்

இந்நோயை முதலில் தெளிவாக எழுதிவைத்தவர் இங்கிலாந்து நாட்டுத் தாமஸ் வில்லிஸ் (1621–1675). 1660-இல் அவர் ஆக்ஸ்ஃபோர்டுப் பல்கலைக்கழகத்தில் இயற்கைத் தத்துவப் பேராசிரியராக அமர்ந்தார். இயற்கைத் தத்துவம் என்பது இயற்பியலின் பழைய பெயர். ஆகவே இவர் எங்கள் துறைக்காரர் என்று உரிமை கொண்டாட ஆசையாக இருக்கிறது. உண்மையில் அவர் முழுக்க முழுக்க மருத்துவர். மூளையின் அடிப்பாகத்தில் தமனிகள் கூடி அமைக்கும் வளையத்திற்கு இன்றும் ‘வில்லிஸ் வளையம்’ என்றே பெயர். மூளையின் உடற்கூற்றைப் பற்றி 1664-இல் அவர் வெளியிட்ட நூலுக்குப் படம் வரைந்தவர்களுள் ஒருவர் கிறிஸ்டோபர் ரென். பிற்காலத்தில் லண்டனில் புனித பவுல் பேராலயத்தை எழுப்பிய அதே ரென்தான்.

1672-இல் வில்லிஸ் இலத்தீனில் எழுதிய நூல் ஒன்றில், உறக்கமின்மையைப் பேசுமிடத்தில் இந்நோயாளிகள் வருகிறார்கள். தூங்கலாம் என்று படுத்த உடனே கைகால்களில் துள்ளலும் தசை நாண்களில் இழுப்பும் தோன்றி, சித்திரவதைக் கூடத்தில் கிடப்பவரைப்போல அவர்கள் உறக்கமின்றிப் புரளுகிறார்கள் என்ற கருத்துப்பட எழுதுகிறார். அவர் இறந்து பத்தாண்டுகள் கழித்து, 1685-இல், இப்பகுதி ஆங்கிலத்திலும் வெளிவந்தது.

இங்கு இரண்டு செய்திகளைக் கவனிக்கவேண்டும். அவரிடம் வந்த உயர்குடிப் பெண் ஒருவருக்கு அபினிக் கரைசலை ஏறத்தாழ மூன்று மாதம் நாள்தோறும் கொடுத்ததாகவும், அதனால் மூளைக்குக் கேடு விளையவில்லை என்றும், பிறகு வேறு மருந்துகளால் இரத்தத்தின் குறை சீர்ப்பட்டதும் அபினியை விட்டுவிட்டு அவர் ஓரளவு நன்றாக உறங்கினார் என்றும் எழுதுகிறார். வில்லிஸ் சொன்ன ‘இரத்தக் குறை’ அக்காலத்து வழக்கமான பேச்சு. அதற்கு இன்றைய பொருளை ஏற்றுவது தவறு. இருந்தாலும் இக்கதை எங்கே போய் முடிகிறது என்பதை அறிந்தவர்களுக்கு அச்சொல் கண்ணில் படாமல் போகாது. இரண்டாவது செய்தி இன்னும் முக்கியமானது. தம் நோயாளிகள் கற்பனை செய்கிறார்கள் என்று வில்லிஸ் எங்கும் கருதவில்லை. சொன்னதை நம்பினார், எழுதிவைத்தார்.

மனத்தின்மேல் விழுந்த பழி

அதன்பின் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் இதைப் பற்றி மருத்துவ உலகம் அதிகம் பேசவில்லை. மீண்டும் பேசத் தொடங்கியபோது காற்று திசை மாறியிருந்தது. 1861-இல் ஜெர்மானிய மருத்துவர் தியோடோர் விட்மாக் இதற்கு ‘கால்களின் பதற்றம்’ என்ற பொருளில் இலத்தீன் பெயர் சூட்டினார். பெயரிலேயே பதற்றம் வந்துவிட்டது. ஹிஸ்டீரியா உடையவர்களிடமும், இல்லாத நோயை இருப்பதாக எண்ணி வருந்துவோரிடமும் இது காணப்படும் என்பது அவர் கொள்கை. 1880-இல் அமெரிக்கரான ஜார்ஜ் பியர்டு இதை ‘நியூரஸ்தீனியா’ என்னும் பெருங்கூடையில் போட்டார். தலைவலி, களைப்பு, அசீரணம், அச்சம் என்று எதை வேண்டுமானாலும் போடத்தக்க கூடை அது. அச்சொல்லுக்கு நேர்த் தமிழ் நரம்புத் தளர்ச்சி. நம் ஊர்ச் சுவர் விளம்பரங்களில் இன்றும் வாழும் சொல்!

மருத்துவர்கள் ஏன் இப்படி எண்ணினார்கள்? அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நோயாளி பகலில் வருகிறார். நோயோ இரவில் வருகிறது. நாடியைப் பார்த்தால் சரி. முழங்காலைச் சுத்தியால் தட்டினால் சரி. ஊசியால் குத்தினால் உணர்வு இருக்கிறது. வீக்கமில்லை, சிவப்பில்லை, புண்ணில்லை. ‘என்ன செய்கிறது?’ என்று கேட்டால், பூச்சி ஊர்வது போல, சோடா நீர் பொங்குவது போல என்று ஒவ்வொருவரும் ஓர் உவமை சொல்கிறார்கள். உவமையை அளக்கக் கருவி ஏது? அத்துடன், பல மாதம் உறங்காத ஒருவர் மருத்துவரின் முன் உட்காரும்போது கண் குழிந்து, எரிச்சலும் அழுகையுமாகத்தான் இருப்பார். மனம் கெட்டதால் கால் ஓயவில்லை என்று முடிவு கட்டினார்கள். கால் ஓயாததால் உறக்கம் போய், உறக்கம் போனதால் மனம் கெட்டிருக்கலாம் என்று திருப்பிப் பார்த்தவர் குறைவு.

ஜெர்மானிய நரம்பியலறிஞர் ஹெர்மன் ஓப்பன்ஹைம் அவர்களுள் ஒருவர். அவருடைய பாடநூலின் 1923-ஆம் ஆண்டுப் பதிப்பு இதைத் தனி நோயாகவே கருதுவதோடு, குடும்பத்தில் பலருக்கு வரக்கூடியது என்றும் குறிப்பிடுகிறது. அக்குறிப்பு பாடநூலின் பக்கங்களுக்குள்ளேயே தங்கிவிட்டது.

இரண்டு எக்பொம் நோய்கள்

ஓயாத கால்களுக்கு விடிவு ஸ்வீடனில் பிறந்தது. கார்ல்-ஆக்செல் எக்பொம் (1907–1977) அந்நாட்டு நரம்பியல் மருத்துவர். 1944-இல் ஒரு கட்டுரையும் 1945-இல் தனி நூலும் வெளியிட்டு, இன்று வழங்கும் ஆங்கிலப் பெயரையும் அவரே நிலைநிறுத்தினார். நோய் அரிதானதன்று, நூற்றுக்கு ஐந்து பேரளவில் இருக்கக்கூடும், மருத்துவர்கள் கேட்பதில்லை ஆகையால் தெரிவதில்லை என்பது அவர் கருத்து. கருவுற்ற பெண்களிடமும் இரும்புச்சத்துக் குறைந்தவர்களிடமும் இது மிகுந்திருப்பதும் அவர் கண்ணில் பட்டது.

ஆனால் எக்பொமின் பெயர் தாங்கிய இன்னொரு நோயும் மருத்துவ நூல்களில் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1938-இல், அதாவது ஏழாண்டுகளுக்கு முன்பே, அவர் ஒருவகை மனநோயை விவரித்திருந்தார். அந்நோயாளிகள் தங்கள் தோலுக்குள் பூச்சிகள் குடியிருப்பதாக உறுதியாக நம்புவார்கள். பொடித் தோலையும் நூலிழையையும் டப்பியில் போட்டுக்கொண்டு வந்து ‘இதோ பூச்சி’ என்று காட்டுவதுகூட உண்டு. மருத்துவர் இல்லை என்றால் ஏற்கமாட்டார்கள்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவர் ‘காலில் பூச்சி இருக்கிறது’ என்கிறார். மற்றவர் ‘காலில் பூச்சி ஊர்வது போல இருக்கிறது’ என்கிறார். வேறுபாடு ‘போல’ என்ற ஒரு சொல்லில்தான். முதலாமவரிடம் கோளாறு நம்பிக்கையில், இரண்டாமவரிடம் உணர்வில். இரண்டாமவர் பூச்சி இல்லை என்பதை நன்றாக அறிவார்; அறிந்தும் உணர்வு போகவில்லை என்பதுதான் அவர் துன்பம். காது கொடுத்துக் கேட்டால் பிரித்தறியலாம். காலைத் தட்டிப் பார்த்தால் அறிய முடியாது. முதல் வகை நோயாளிகளை நேரில் ஆராய்ந்த ஒருவரே இரண்டாம் வகையினரைத் தனியே பிரித்துக் காட்டியதை நான் தற்செயல் என்று எண்ணவில்லை.

கருவியின் சாட்சியும் பின்னர் வந்தது. 1960-களில் இத்தாலியில் பொலோன்யா நகர மருத்துவர் எலியோ லுகாரேசியும் குழுவினரும் இந்நோயாளிகளை இரவு முழுவதும் உறங்கவைத்து, மூளை மின்னலைகளையும் தசை மின்னோட்டத்தையும் ஒருசேரப் பதிவு செய்தனர். உறக்கத்திலும் அவர்கள் கால்கள் ஏறக்குறைய இருபது முதல் நாற்பது நொடிக்கு ஒருமுறை தாளம் தவறாமல் வெட்டியிழுப்பது காகிதச் சுருளில் கோடாக விழுந்தது. உறங்குபவர் நடிக்க முடியாது அல்லவா?

சிரைகளின் பங்கு என்ன?

இரத்த ஓட்டத்தின் குறையே காரணமாகலாம் என்று எக்பொம் ஐயுற்றார்; இரத்தக் குழாய்களை விரிக்கும் மருந்துகளையும் கொடுத்துப் பார்த்தார். நோயாளிகளும் அப்படித்தான் நினைக்கிறார்கள். காலில் தொல்லை; காலிலே புடைத்த சிரையும் கண்ணுக்குத் தெரிகிறது. கண்ணுக்குத் தெரிவதன்மேல் குற்றம் சாட்டுவது இயல்பு.

சிரை நோயோ மிகப் பழையது. ரோமானியத் தளபதி காயஸ் மாரியஸ் தம் சுருண்ட சிரைகளை அறுத்துக்கொள்ள மருத்துவர்முன் நின்று, கட்டிப்போடாமலே ஒரு காலை அறுக்கக் கொடுத்துவிட்டு, இந்த வேதனைக்கு இந்தப் பயன் போதாது என்று மறுகாலை நீட்ட மறுத்த கதையைப் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். 1603-இல் பாதுவா நகரப் பேராசிரியர் ஃபாப்ரிசியஸ் சிரைகளுக்குள் சிறு கதவுகள் இருப்பதைப் படங்களோடு வெளியிட்டார். கதவு எதற்கு என்பது அவருக்கு விளங்கவில்லை. அவருடைய மாணவர் வில்லியம் ஹார்வி 1628-இல் விளக்கினார்: இரத்தம் இதயத்தை நோக்கி மட்டுமே செல்ல அவை வழிவிடுகின்றன, திரும்பவிடுவதில்லை.

இதில் நம் இயற்பியல் பாடமும் இருக்கிறது. நிற்கும் மனிதரின் கணுக்காலுக்கும் இதயத்துக்கும் இடையே ஏறக்குறைய 120 செ.மீ. உயரம் என்று கொள்வோம். இரத்தத்தின் அடர்த்தி நீரைவிடச் சற்றே அதிகம். உயரம், அடர்த்தி, புவியீர்ப்பு முடுக்கம் மூன்றையும் பெருக்கினால் கணுக்கால் சிரையில் சுமார் 90 மி.மீ. பாதரச அழுத்தம் வருகிறது. படுத்துவிட்டால் உயர வேறுபாடு போய்விடுகிறது; அழுத்தமும் போய்விடுகிறது. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சிரைகளைப் பிழிந்து இரத்தத்தை மேலேற்றுகிறது. கதவுகள் அது இறங்காமல் காக்கின்றன. அப்போது அழுத்தம் மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. அசையாமல் நின்றால் பிழிதல் இல்லை. நாளெல்லாம் நின்று பாடம் நடத்தும் ஆசிரியர்கள், சலவைத் தொழிலாளர், பேருந்து நடத்துநர் ஆகியோருக்குக் காலில் சிரை புடைப்பதில் வியப்பில்லை. கதவு கெட்டுவிட்டால் இரத்தத் தம்பம் முழுதும் கீழே அழுத்த, சிரை விரிந்து சுருளுகிறது.

ஆகவே சிரை நோயின் தொல்லை நிற்பதால் மிகும். காலை உயர்த்திப் படுத்தால் குறையும். ஓயாத கால்களின் தொல்லையோ படுத்தால்தான் மிகும்! இரண்டும் நேர் எதிர். ஒருவரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே பெரும்பாலும் வழி தெரிந்துவிடும்.

ஆனால் கதை இத்துடன் முடியவில்லை. 1995-இல் ஆர்தர் கான்ட்டர் என்ற அமெரிக்க மருத்துவர், இரு தொல்லைகளும் உள்ள 113 பேருக்குச் சிரைகளுக்குள் மருந்து செலுத்தி அவற்றை மூடினார். 98 விழுக்காட்டினர் கால் ஓய்ந்தது என்றனர். இரண்டாண்டுக்குள் 28 விழுக்காட்டினருக்குத் தொல்லை திரும்பியது. 2008-இல் லேசர் கொண்டு சிரையை மூடி, 35 பேரைக் கொண்டு செய்த சிறிய ஆய்வும் நல்ல பலனையே காட்டியது. கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. எனினும் கான்ட்டரின் ஆய்வில், மருந்து செலுத்துவதாகப் பெயர் பண்ணி வெறும் நீரைச் செலுத்திய ஒப்பீட்டுக் குழு இல்லை. இந்நோயில் போலி மருந்துக்கே கணிசமானோர் தேறுவதும் அறிந்த செய்தி. மேலும் சிரை நோயின் கனமும் இழுப்பும் ஓயாத கால்களாகத் தவறாக எண்ணப்பட்டிருக்கலாம். இந்நோய்க்கான பன்னாட்டு ஆய்வுக் குழு 2014-இல் வெளியிட்ட திருத்திய வரையறையில், சிரைத் தேக்கம், கால் வீக்கம், கெண்டைப் பிடிப்பு போன்றவற்றால் மட்டுமே தொல்லை விளங்கிவிடுமானால் அது இந்நோய் அன்று என்று சேர்த்துக்கொண்டது. சிரை கெட்டிருந்தால் சிரைக்காக வைத்தியம் செய்துகொள்ளலாம். கூடவே கால் ஓய்ந்தால் நல்லது. கால் ஓய்வதற்காகவே சிரையை மூடிக்கொள்ளுமளவு சான்று வலுவானதன்று என்பதே என் கணிப்பு.

இரும்பும் காந்தமும்

1953-இல் மற்றொரு ஸ்வீடன் மருத்துவர், நோர்ட்லாண்டர், இந்நோயாளிகளுக்குச் சிரை வழியே இரும்பு மருந்து செலுத்தினார். 22 பேரில் 21 பேருக்குத் தொல்லை நீங்கியது என்று அறிவித்தார். இரத்தத்தில் இரும்பு போதிய அளவு இருந்தாலும் திசுக்களில் அது குறைந்திருக்கலாம் என்றும் ஊகித்தார். அற்புதமான ஊகம். ஆனால் அக்காலத்து இரும்பு ஊசி மருந்துகள் ஆபத்தானவை. சிலருக்கு ஒவ்வாமையால் உயிருக்கே கேடு விளைந்தது. ஊகம் அரை நூற்றாண்டு கிடப்பில் கிடந்தது.

இதற்கிடையே 1982-இல் துருக்கியைச் சேர்ந்த செவ்கெட் அக்பினார், பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் லெவோடோபா மருந்து ஓயாத கால்களையும் ஓயவைப்பதைக் கண்டறிந்தார். லெவோடோபா மூளையில் டோபமின் என்னும் செய்தி வேதிப்பொருளாக மாறுகிறது. ஆக, குறை காலில் இல்லை, மூளையில்! இரும்புக்கும் டோபமினுக்கும் உள்ள உறவும் விரைவில் பொருந்தியது. டோபமினை உருவாக்கும் நொதி வேலை செய்ய இரும்பு தேவை. உடலின் இரும்பு, டோபமின் இரண்டுமே இரவில் தாழ்வதால், நோய் ஏன் கடிகாரம் பார்த்து வருகிறது என்பதும் ஓரளவு விளங்குகிறது.

நோர்ட்லாண்டர் ஊகித்ததை உயிருள்ள மனிதரிடம் காட்டியது காந்த ஒத்ததிர்வுக் கருவி. வலிய காந்தப் புலத்தில் உடலின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ஒருங்கே அதிர்ந்து சைகை தருகின்றன. இரும்பு சேர்ந்துள்ள இடத்தில் புலம் நுண்ணளவில் கலைவதால் சைகை விரைந்து தேய்கிறது. தேய்மான வேகத்தை அளந்தால் தலையைத் திறக்காமலே இரும்பை அளந்ததாகும். 2001-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் ரிச்சர்டு ஆலனும் குழுவினரும் இம்முறையால், நோயாளிகளின் நடுமூளையில் டோபமின் செல்கள் உள்ள கரும்பொருள் பகுதியில் இரும்பு குறைந்திருப்பதைக் காட்டினர். 2003-இல் இறந்தோரின் மூளையை ஆராய்ந்து ஜேம்ஸ் கானரும் குழுவினரும் அதை உறுதிப்படுத்தினர். 2007-இல் ஐஸ்லாந்திலும் ஜெர்மனியிலும் நடந்த ஆய்வுகள் நோயோடு தொடர்புடைய மரபுக் கூறுகளைக் கண்டறிந்து, ஓப்பன்ஹைமின் பழைய குறிப்புக்கு வலு சேர்த்தன. 2011-இல் கானர் குழு இன்னொன்றும் கண்டது: இரத்தத்திலிருந்து இரும்பை மூளைக்குள் கடத்தும் ஏற்பாடு, மூளையின் நுண்குழாய்ச் சுவரிலேயே மாறுபட்டிருக்கிறது.

மருந்தே நோயான கதை

டோபமின் தொடர்பு வெளிப்பட்டதும் ஒரு கசப்பான உண்மை புலனாயிற்று. மனநோய்க்குக் கொடுக்கும் பல மருந்துகள் டோபமினைத் தடுப்பவை. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மருந்துகளிலும் பல, குறிப்பாக மிர்ட்டாசபின், ஓயாத கால்களைத் தூண்டுகின்றன. பூப்ரோபியான் போன்றவை விலக்கு. தடுமனுக்கும் தூக்கத்துக்கும் என்று கடையில் கேட்டு வாங்கும் பழைய ஒவ்வாமை மாத்திரைகளும் அப்படியே. எண்ணிப் பாருங்கள். கால் ஓயவில்லை என்று ஒருவர் வருகிறார். மனக்கோளாறு என்று சொல்லி மாத்திரை கொடுக்கிறார்கள். கால் இன்னும் மோசமாகிறது. மனம் முற்றிவிட்டது என்று மாத்திரையைக் கூட்டுகிறார்கள்! இப்படி ஆண்டுக்கணக்கில் சுழன்றவர்கள் உலகெங்கும் இருந்திருப்பார்கள் என்பதில் ஐயமில்லை.

இதனால் மனத்துக்கும் இந்நோய்க்கும் உறவே இல்லை என்று எதிர்ப்பக்கம் சாய்வதும் தவறு. மனச்சோர்வும் அச்ச நோயும் இவர்களிடம் மற்றவர்களைவிட மிகுதி என்பது பல நாட்டு ஆய்வுகளில் தெரிகிறது. 2019-இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், தற்கொலை அல்லது தன்னைத்தானே ஊறுபடுத்திக்கொள்ளும் ஆபத்து இவர்களிடம் இரண்டரை மடங்குக்கு மேல் காணப்பட்டது. உறக்கமிழப்பு ஒரு காரணம். டோபமின் மனநிலையிலும் பங்கு கொள்வது இன்னொரு காரணமாகலாம். நோயாளிக்கு மனச்சோர்வும் இருந்தால் அதற்கும் வைத்தியம் வேண்டும். எந்த மருந்து என்பதில்தான் விழிப்பு தேவை. மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவது பேராபத்து. கால் தொல்லையை மனநல மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொன்னால் அவர் மாற்று மருந்து தேடுவார்.

2005-இல் அமெரிக்க அரசு, டோபமினைப் போல வேலை செய்யும் ரோப்பினிரோல் என்ற மருந்தை இந்நோய்க்கு அனுமதித்தது. விளம்பரங்கள் பெருகின. மறு ஆண்டே வொலோஷின், ஷ்வார்ட்ஸ் என்னும் ஆய்வாளர் இருவர், செய்தித்தாள்கள் இந்நோயை ஊதிப் பெருக்குகின்றன என்று கண்டித்து எழுதினர். விளம்பரத்தைப் பற்றி அவர்கள் சொன்னது நியாயம்தான். ஆனால் அதைப் படித்துவிட்டு, இப்படி ஒரு நோயே இல்லை, கம்பெனிக்காரன் கட்டிய கதை என்று பேசியவர்களும் உண்டு. நோயாளி மறுபடியும் 1861-க்கே தள்ளப்பட்டார்.

அந்த மருந்துகளின் குறையும் வெளிப்பட்டது. ஆலனும் எர்லியும் 1996-லேயே லெவோடோபாவைப் பற்றி எச்சரித்திருந்தார்கள்: முதலில் நன்றாகக் கேட்கும், நாளடைவில் தொல்லை மாலைக்கு முன்பே தொடங்கும், கைக்கும் பரவும், கூடுதல் மருந்து கேட்கும். இதே இன மருந்துகளால் சிலருக்குச் சூதாட்டம் போன்ற அடக்க முடியாத வேட்கைகளும் பிறந்தன. மனநோய் அன்று என்று ஒருவாறு ஒப்புக்கொள்ளப்பட்ட நோய்க்குக் கொடுத்த மருந்தே மனத்தைக் கெடுத்தது.

2025-இல் வெளியான அமெரிக்க உறக்க மருத்துவக் கழகத்தின் வழிகாட்டுதல், டோபமின் இன மருந்துகளை வழக்கமாகக் கொடுப்பதைத் தவிர்க்கச் சொல்லி, இரும்பின் அளவைப் பார்ப்பதை முன்னே வைத்தது. இரும்பு போதாதவர்களுக்கு இரும்பு. அடுத்த நிலையில் கபாபென்டின் இன மருந்துகள். நோர்ட்லாண்டரின் ஊசிக்குப் பின் 72 ஆண்டுகள் ஓடிவிட்டன. இன்றைய இரும்பு ஊசி மருந்துகள் அன்றையவற்றைவிடப் பெரிதும் பாதுகாப்பானவை.

நம் நாட்டில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. 2019–21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் உடலின் இரும்புக் கையிருப்பு குறைந்திருக்கலாம். கையிருப்பைக் காட்டுவது ஃபெரிட்டின் என்னும் இரத்தப் பரிசோதனை. பிறருக்குப் போதும் என்று ஆய்வுக்கூடம் எழுதித் தரும் அளவு ஓயாத கால்கள் உடையவருக்குப் போதாமல் இருக்கக்கூடும். மில்லிலிட்டருக்கு 75 நானோகிராமுக்குக் கீழே இருந்தாலே இரும்பு கொடுப்பதை மருத்துவர்கள் எண்ணிப் பார்க்கிறார்கள். ஆனால் பரிசோதிக்காமல் கடையில் வாங்கி விழுங்கும் சரக்கு அன்று இரும்பு. மிஞ்சினால் கல்லீரலில் தங்கிக் கேடு செய்யும். அளவை மருத்துவரே சொல்லவேண்டும்.